இறக்கி வைத்த இரண்டு கேன்

மலைக்கு ஆள் கூட்டிப் போகிற தொழிலில் வழி தெரிந்தால் மட்டும் போதாது, தண்ணீரை எண்ணத் தெரிய வேண்டும். எண்ணத் தெரிந்த என்னை எண்ணத் தெரியாதவன் என்று ஊர் பேசும்படி செய்தவன் பெயர் தணிகாசலம். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், மனசில்லாமல் சொன்னான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

என் பெயர் கோவிந்தன். ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற மண்ணையும் கரியையும் அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவது வேலை. லீவு கிடைக்கிற நாளில் டவுன்ஷிப் குடும்பங்களை வேனில் ஏற்றிப் பருவதமலைக்குக் கூட்டிப் போவேன். முதுகு பெல்ட் வேலைக்கு ஆகாமல் போன பிறகு மலை மட்டும்தான் பிழைப்பு என்று ஆகிவிட்டது.

பருவதமலை திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம். முதலில் படி. படி முடிந்தால் கல்லுப் பாதை. அதுவும் முடிந்தால் மொட்டைப் பாறை. பாறையில் கடப்பாறை நட்டுச் சங்கிலி கட்டியிருக்கும், பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் கோயில். பாதிக்கு மேல் மர நிழல் கிடையாது. நாம் தூக்கிப் போகிற தண்ணீர்தான் தண்ணீர்.

கல்யாணத்துக்கு இலை எண்ணியவர்கள், துக்க வீட்டில் டீக்கு ஆள் எண்ணியவர்கள், டூருக்குச் சோற்றுப் பொட்டலம் எண்ணியவர்கள் எல்லாரும் எனக்குக் கூட்டாளிகள். மிஞ்சினால் வீணாக்கிவிட்டான் என்பார்கள். குறைந்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சரியாக இருந்த நாளில் ஒருத்தரும் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழாயைத் திறந்தால் வருவது

எங்கள் ஊரில் தெருக்குழாயில் குடத்தை வரிசை வைத்துப் பிடிப்போம். எந்தக் குடம் குளிக்க, எந்தக் குடம் குடிக்க என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டவுன்ஷிப் அப்படி இல்லை. சுரங்கத்துக்கு அடியில் ஊற்று பொங்கிக்கொண்டே இருக்கும். அதை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளினால்தான் கரி வெட்ட முடியும். குவாட்டர்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் தீர்ந்துபோகிற பொருள் என்றே தெரியாது. குற்றமாகச் சொல்லவில்லை. காற்று தீர்ந்துபோகும் என்று நாம் நினைக்கிறோமா?

நான் கூட்டிப்போன முதல் கூட்டத்திலேயே ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரர் மைன்ஸில் அதிகாரி. படி முடிகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் வருகிறவர்களைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் அந்த அம்மா ஒரு கேனைக் கவிழ்த்துக் கால் கழுவிக்கொண்டிருக்கிறார். அப்புறம் முகம். அப்புறம் புடவை ஓரத்தில் ஒட்டிய செம்மண். பக்கத்தில் இருந்த பெண்களும் "எனக்குக் கொஞ்சம் ஊத்துங்க" என்று காலை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கத்திவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப்போய் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணிக்குப் போய் யாராவது கணக்கு பாப்பாங்களா?"

தணிகாசலம்

அவன் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். பெர்மனெண்ட். நெல்லிக்குப்பத்துக்காரன். என்னைவிட மூன்று வயது இளையவன். ஆனாலும் என்னைக் "கோயிந்தா" என்றுதான் கூப்பிடுவான். நாலு பேர் முன்னால் நான் அவனைச் "சார்" என்பேன். தனியாக இருக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவனுடைய பம்ப் ஹவுஸ் பக்கம் எங்கள் பெல்ட் போகும், அப்படித்தான் பழக்கம். நல்ல மனுஷன்தான், அதையும் மறைக்கவில்லை. எனக்குப் பெல்ட்டுக்கு அடியில் கை நசுங்கியபோது தன் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனவன் அவன்.

மலைக்கு ஆள் சேர்ப்பது அவன் பொறுப்பு. பிளாக் முழுக்க அவனுக்குப் பழக்கம். அவன் பேர் சேர்த்துக் கொடுப்பான், நான் சோறும் தண்ணீரும் எண்ணுவேன். நான் எண்ணுவதைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். அவன் வேலையே தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ளுவது. தண்ணீர் ஏறினால் அவனுக்கு மெமோ, இறங்கினால் நிம்மதி. ஒருநாள் கேன்களை வரிசையாக வைத்து நான் விரல்விட்டுக்கொண்டிருக்கும்போது, வந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னான்: "நான் ஒரு ஷிப்ட் பம்பை நிறுத்திட்டு வூட்டுக்குப் போனா உன் மலையே முழுவிப் போவும்டா கோயிந்தா, நீ என்னாடான்னா சொட்டு எண்ணிகினு இருக்கிற!"

எந்த ஷிப்ட்?

மற்ற ஊர் வழிகாட்டிகள் வயசு கேட்பார்கள், பிரஷர் உண்டா, சுகர் உண்டா என்று கேட்பார்கள். நான் அதோடு "எந்த ஷிப்ட்டிலிருந்து வர்றீங்க?" என்றும் கேட்பேன். பகல் ஷிப்ட் ஆளுக்கு மலையில் பகலில் பசிக்கும். நைட் ஷிப்ட் முடித்து நேராக வேன் ஏறுகிறவனுக்கு அப்படி இல்லை. அவனுக்கு ஏறும்போது தூக்கம், பாறையில் பசி, உச்சியில் தலைவலி. தண்ணீரும் அரைப் பங்கு அதிகம் குடிப்பான். அதனால் நைட் ஷிப்ட் ஆள் இரண்டு பேர் வந்தால் மூன்று பேர் என்று எண்ணுவேன். புளிச்சோற்றுக்கும் அதே கணக்கு.

ஒரு வெல்டர் இருந்தார், தடித்த ஆள், வெள்ளந்தி. ஷிப்ட்டைக் கேட்டபோது பொய் சொல்லிவிட்டார். நைட் என்றால் கூட்டிப்போக மாட்டேனோ என்று பயம். வேனிலேயே பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டார். படியில் நடந்துகொண்டே தூங்கினார். கடப்பாறை ஏற்றத்துக்குக் கீழே சங்கிலியைப் பிடித்தபடி நின்றவர் அப்படியே கண்ணை மூடிவிட்டார். பின்னால் பாதை முழுக்க ஜனம் நிற்கிறது. உலுக்கி எழுப்பி, "மணி என்னா ஆவுது தெரியுமா? இன்னும் சாமியக்கூடப் பாக்கல, அதுக்குள்ள சோறும் போச்சு, தண்ணியும் போச்சு" என்று திட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உங்களுக்கு இன்னைக்குங்க. என் வயித்துக்கு இன்னும் நேத்தே முடியல."

சரோஜா சொல்லிக்கொடுத்தது

தணிகாசலத்தின் மனைவி சரோஜா. மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். மலைக்குப் போகிற நாளெல்லாம் புளிச்சோறு அவர்கள் குவாட்டர்ஸில்தான் தயாராகும். அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தால், "எத்தினி பேருண்ணே? அதுல நைட் ஷிப்ட் எத்தினி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கும். என் கணக்கை மதித்த ஒரே ஆள்.

ஒரு தடவை அதனிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். ஏறும்போது பெண்கள் பங்குத் தண்ணீர் அப்படியே மிஞ்சுகிறது. இறங்கும்போது அவர்களுக்கே போதவில்லை. மொத்தம் சரியாக இருக்கிறது, நடுவில் எங்கோ இடிக்கிறது. சரோஜா புளிக்காய்ச்சலைக் கிண்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: "குடிச்சா எங்கண்ணே ஒதுங்கறது? ஒரு செடிகூட இல்ல அந்தப் பாறையில. அதான் வாயக் கட்டிகினு ஏறுறோம்."

துணி கட்டிய கேன்

அன்றிலிருந்து கணக்கை மாற்றினேன். ஆளுக்கு மூன்று லிட்டர். ஒன்று அவரவர் பாட்டிலில். ஒன்று ஏறும்போது பொதுவில். ஒன்று இறங்கும்போது பொதுவில். இருபது பேர் என்றால் பொதுவில் நாற்பது லிட்டர், ஐந்து லிட்டர் கேன் எட்டு. நாலு கேன் ஏற, நாலு கேன் இறங்க. இறங்குகிற கேன்களின் கைப்பிடியில் பழைய புடவைத் துணியைக் கட்டிவிடுவேன். அதை உச்சியில் சாமி கும்பிட்டு முடித்த பிறகு நான்தான் திறப்பேன். ஆண்கள் முணுமுணுப்பார்கள். ஏறும்போது வாயைக் கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்குத்தான் அந்தத் தண்ணீர் என்று விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சம். துணி கட்டினதைத் தொடாதே, அவ்வளவுதான்.

அந்தச் சமயம் ஒரு அம்மா இரண்டு பேருக்குப் பேர் கொடுத்துவிட்டுத் தனியாக வந்து நின்றார். வீட்டுக்காரர் போன மாதம் தவறிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரி என் காதில் சொன்னாள். மலை ஏற வேண்டும் என்று தவறிப்போனவருக்கு ரொம்ப நாள் ஆசையாம். தணிகாசலம், "ஒரு ஆள் கொறையுதில்ல, ஒரு கேனை எறக்கிடு, சொமையாவது கொறையும்" என்றான். ஒரு ஆள் குறைந்தால் ஒரு கேன் குறையாது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மா அவசரமாக முன்னால் வந்தார்: "அவருக்கு வேர்வை ஜாஸ்திங்க. அவரு பங்கைக் கொறைச்சிடாதீங்க."

வராத இரண்டு பேர்

அந்த வருஷம் பங்குனி முதல் வாரத்தில் இருபது பேர் சேர்ந்தார்கள். சரோஜாவும் வருகிறேன் என்றது. அத்தனை வருஷம் சோறு கட்டிக் கொடுத்ததே தவிர மலையைப் பார்த்ததில்லை. மகனுக்குச் சென்னையில் வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது, வேலையும் கிடைத்துவிட்டது. உனக்குச் சுகர் இருக்கிறது, மாத்திரையைச் சரியாகப் போடு என்றேன். "நீ எண்ணிக் கூட்டிகினு போற எடத்துக்கு எனக்கு என்னாண்ணே பயம்" என்றது.

வேன் கிளம்புகிற நேரத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். பதினெட்டுப் பேர்தான். அடிவாரத்தில் நான் கற்பூரம் ஏற்றி, முன்னால் போகிறவர்களைப் படியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். வேனிலிருந்து கேன்களை இறக்கி ஆளுக்கு ஒன்றாகத் தோளில் ஏற்றிவிடுவது தணிகாசலத்தின் வேலை, எப்போதும் அப்படித்தான். அப்புறம் முழங்கால் வலிக்கிற ஒரு பெரியவரைக் கைப்பிடித்து நான் கடைசியாக ஏறினேன்.

உச்சிக்குப் போனபோது துணி கட்டிய கேன் இரண்டு வாய் திறந்து காலியாகச் சாய்ந்து கிடந்தது. நல்ல வெயிலில் ஏறி வந்தவர்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை, ஆண்கள் திறந்து குடித்துவிட்டார்கள். சரி, இன்னும் இரண்டு துணி கட்டிய கேன் இருக்குமே என்று தேடினேன். இல்லை. தணிகாசலத்திடம் கேட்டேன். அவன் என்னைக் கோயில் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், வேறு யார் காதிலும் விழாமல், ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்: "ரெண்டு பேர்தான் வரலியேடா, அதான் அந்த ரெண்டு கேனை வேன்லயே வெச்சுட்டேன். யாரு தூக்கறது?"

இறக்கம்

இரண்டு பேர் குறைந்தால் பொதுவில் நாலு லிட்டர் குறையும். அது ஒரு கேன்கூட முழுசாக இல்லை. அவன் ஒரு ஆளுக்கு ஒரு கேன் என்று கழித்துவிட்டான். அதுவும் துணி கட்டியதில் கை வைத்திருக்கிறான். ஏறும்போது திறக்காத கேன்தானே, வேண்டாத கேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். இந்தக் கணக்கை எத்தனையோ தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு மாதிரி வரமாட்டேன் என்கிறது.

சரோஜா ஏறும்போது வாயைக் கட்டிக்கொண்டுதான் ஏறியிருக்கிறது. தன் பாட்டிலையும் பாதி வழியில் புருஷன் கேட்டான் என்று கொடுத்துவிட்டது. பாறை இறங்கும்போது கெண்டைக்கால் இழுக்கிறது என்றது. சங்கிலி முடிகிற இடத்தில் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. கையைத் தொட்டால் அடுப்புக் கல் மாதிரி சுடுகிறது, வேர்வையே இல்லை. பௌர்ணமியாக இருந்தால் வழி நெடுக மோர் விற்பார்கள், அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. பதினெட்டுப் பேரின் பாட்டிலையும் கவிழ்த்துப் பார்த்தோம். நாக்கு நனைகிற அளவுக்குத்தான் கிடைத்தது. போர்வையில் போட்டு நாலு பேர் தூக்கினோம். தணிகாசலம் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு "சரோஜா, சரோஜா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அது முதலில் "ம்" என்றது. அப்புறம் அதுவும் இல்லை.

அடிவாரத்தில் வேன் டிரைவர் ஓடிவந்து கதவைத் திறந்தான். பின் சீட்டில் படுக்க வைக்கக் குனிந்தவன், அடியிலிருந்து துணி கட்டிய கேனை ஒன்று, இன்னொன்று என்று இழுத்து வெளியே போட்டான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தணிகாசலம் சரோஜாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தான். டிரைவர் நிமிர்ந்து கேட்டான்: "ரெண்டு கேன் முழுசா இங்கியே உருண்டுகினு இருக்குதே, யாருங்க கணக்கு பாத்தது?"

பெஞ்ச்

ஆஸ்பத்திரியில் மறுநாள் மதியம் சரோஜா போய்விட்டது. உடம்பில் தண்ணீர் சுத்தமாக வற்றிவிட்டது, சுகர் வேறு, கொண்டுவருவதற்குள் கிட்னி நின்றுவிட்டது என்றார்கள். அதன் அண்ணன் தம்பிகள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திறங்கினார்கள். வராந்தா பெஞ்சில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் நான். பெரிய மச்சான் வந்து குனிந்து, "மாப்ள, தண்ணி எப்படிக் கொறைஞ்சுது?" என்று கேட்டான்.

நான் தணிகாசலத்தின் வாயைப் பார்த்தேன். உள்ளே பிணம் இருக்கிறது, அவன் சொல்லட்டும், நான் எப்படிச் சொல்வது என்று இருந்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள். அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது: "தண்ணி விஷயமெல்லாம் எப்பவும் கோயிந்தன்தான் பாப்பான்."

காரியத்தன்று

பதினாறாம் நாள் போனேன். போகக்கூடாது என்று என் மகள் தடுத்தாள். அண்ணே என்று கூப்பிட்ட பொம்பளையின் காரியத்துக்குப் போகாமல் எப்படி? குவாட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சேர் காலியாக இருந்தும் யாரும் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தணிகாசலம் உள்ளே இருந்தான். நான் வந்தது அவனுக்குத் தெரியும், ஜன்னலில் பார்த்தான்.

மகன் பிரபு எழுந்து வந்தான். சின்ன வயசிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன், முதல் தடவை மலை ஏறியதே என் தோளில்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. மொட்டையடித்த தலையோடு என் முன்னால் நின்று, சத்தமே போடாமல் கேட்டான்: "எங்கம்மாவ மட்டும் நீங்க எண்ணலயா மாமா?"

எண்ணிக் குடிப்பவர்

அதன் பிறகு என்னை மலைக்கு ஒருத்தரும் கூப்பிடவில்லை. பிளாக் பிளாக்காகச் செய்தி போய்விட்டது. நான் ஊமையாக இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தர், "பொண்டாட்டியப் பறிகுடுத்தவன் மேலயே பழியப் போடுறியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?" என்றார். இன்னொருத்தர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தால் அது சாக்கு. அவன் வாயிலிருந்து வந்தால்தான் அது உண்மை. அப்படி அமைந்துவிட்டது.

இப்போது ஒரு ஸ்டோரில் வாட்ச்மேனாக இருக்கிறேன். போகிற வழியில் டீக்கடை. ஒரு நாள் டீக்கு முன்னால் தண்ணீர் கேட்டேன். பெஞ்சில் நாலு பேர், எல்லாரும் என்னோடு மலைக்கு வந்தவர்கள். துணி கட்டிய கேனை அன்றைக்கு உச்சியில் திறந்தவர்களில் ஒருத்தரும் அங்கே இருந்தார். கடைக்காரர் தம்ளரை நீட்டும்போது அவர்தான் சொன்னார்: "பாத்து ஊத்துப்பா, அவரு எண்ணிக் குடிக்கிறவரு."

குவாட்டர்ஸ் காலி

தணிகாசலம் ரிடையர் ஆகிவிட்டான். குவாட்டர்ஸைக் காலி செய்து மகனோடு சென்னைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் போனேன். சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. அவன் வாசப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். ரொம்ப இளைத்துவிட்டான். கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தான், மூடி திறக்காமல். நான் உட்காரவில்லை.

"பிரபுகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போ தணிகாசலம். ஊரு எப்படிப் பேசினாலும் பேசட்டும், எனக்கு வேணாம். அவன்கிட்ட ஒரு வார்த்தை" என்றேன்.

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பத்தாதாடா?"

"எனக்குத் தெரிஞ்சத வெச்சிகினு நான் என்னா பண்றது? அந்தப் புள்ள என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிகினு போவுது."

அவன் பாட்டிலை உருட்டிக்கொண்டே இருந்தான். "அவன் வூட்டுக்குத்தான்டா போறேன். இத்தச் சொல்லிட்டு நான் எங்க போயி படுக்கறது?" என்றான்.

அப்போது பிரபு உள்ளேயிருந்து சாவியோடு வந்தான். என்னைப் பார்த்து நின்றான். வெகு நாளைக்குப் பிறகு அவனாகவே, "என்ன மாமா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான். தணிகாசலம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? போர்வையைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது இருந்த அதே முகம். என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "ஒண்ணுமில்ல தம்பி. லாரியில கயிறு லூசா இருக்குது, இறுக்கிக் கட்டச் சொல்லு" என்றேன். பிரபு லாரிப் பக்கம் போனான்.

தணிகாசலம் படியைப் பிடித்து எழுந்து, வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினான். இப்போது சொல்வான், மகனைக் கூப்பிடுவான் என்று நான் கதவில் கை வைத்தபடி நின்றேன். வண்டி நகர்கிறபோது என் கையை எடுத்துவிட்டுச் சொன்னான்: "சொல்றேன்டா கோயிந்தா. சொல்லாமயே போயிடுவனா? கொஞ்சம் டைம் குடு."

அவனும் உயிரோடுதான் இருக்கிறான், போனும் வைத்திருக்கிறான், ஆகவே எனக்கு வர வேண்டிய அந்த ஒரு வார்த்தை வருகிறவரை நானும் பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு சாகாமல் இருந்துகொண்டிருக்கிறேன்.